மடகாஸ்கர் தந்த மலரும் தராத பூச்சியும்

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிப் புழுதி படிந்த மணலில், நித்தியகல்யாணி பூத்துக் கிடப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சுடுகாட்டு மல்லி என்றும் அதைச் சொல்வர். அது நம் ஊர்ச் செடியே என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அதன் பிறந்தகம் மடகாஸ்கர் தீவு என்பதைத் தாவரவியல் வகுப்பில்தான் அறிந்தேன். அத்தீவைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோது, அதைவிட்டு எங்கும் போகாத ஓர் அந்துப்பூச்சியின் வரலாறு கிடைத்தது.

1862 சனவரியில் சார்லஸ் டார்வினுக்கு ஆர்க்கிட் மலர்கள் சில வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று மடகாஸ்கர் மலர். வெண்மை நிறம், விண்மீன் வடிவம், இரவில் மணம். பின்புறத்தில் வால்போல் தொங்கும் ஒரு குழல். அதன் நீளம் பதினோர் அங்குலத்துக்கும் மேல். தேனோ அடியில் ஒன்றரை அங்குலம் மட்டுமே! டார்வின் மெல்லிய உருளை ஒன்றைச் செருகி எடுத்தார். மகரந்தத் திரள் அதில் ஒட்டி வந்தது. பத்து, பதினோர் அங்குலம் நீளும் நாவுடைய அந்துப்பூச்சி அத்தீவில் இருந்தே தீரவேண்டும் என்று அவ்வாண்டே நூலில் எழுதினார். பூச்சியியலார் சிலர் நகைத்தனர். வாலஸ் நகைக்கவில்லை. வானியலார் நெப்டியூனைத் தேடிய அதே நம்பிக்கையோடு இப்பூச்சியையும் தேடலாம் என்று 1867இல் எழுதினார்.

ஏன் இத்தனை நீளம்? குழலைவிட நாவு நீண்டுவிட்டால், பூச்சி எட்ட நின்றே தேனைக் குடித்துவிடும். மகரந்தம் ஒட்டாது, பூ ஏமாந்துபோகும். ஆகவே நீண்ட குழலுடைய பூக்களே மிகுதியாக விதை வைத்தன. குழல் நீண்டதும் குட்டை நாவுப் பூச்சிக்குத் தேன் எட்டவில்லை. நீண்ட நாவுடையவை பிழைத்தன. கிணற்றில் நீர் இறங்க இறங்கக் கயிற்றை நீட்டுவோம் அல்லவா? இங்கே கயிறு நீண்டதால் கிணறும் ஆழ்ந்தது.

டார்வின் 1882இல் மறைந்தார். 1903இல்தான் ராத்ஸ்சைல்டும் ஜோர்டானும் அப்பூச்சியை விவரித்து, ‘முன்னரே சொல்லப்பட்டது’ என்னும் பொருளில் ‘பிரடிக்டா’ என்று பெயரிட்டனர். ஆப்பிரிக்கப் பூச்சி ஒன்றின் உள்ளினமாகவே அது நெடுங்காலம் எண்ணப்பட்டது. தனி இனம் என்று 2021இல் பிரித்தனர். ஒரு பூச்சியின் நாவு 28.5 சென்டிமீட்டர்! உடலைப்போல் மும்மடங்குக்கும் மேல். பறக்கும்போது அதைக் கடிகாரச் சுருள்போல் சுருட்டிக்கொள்கிறது.

நம் வீட்டு அரளியை மொட்டையடிக்கும் கொழுத்த பச்சைப் புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சியும் இதே குடும்பம்தான். நித்தியகல்யாணி இலையையும் அது விட்டுவைப்பதில்லை.

நித்தியகல்யாணிக்கு மணல் போதும், உலகெங்கும் பரவிவிட்டது. அந்த ஆர்க்கிட்டோ மடகாஸ்கரின் கிழக்குக் கரைக் காட்டு மரங்களில் ஒட்டி வாழ்வது. 1953க்கும் 2014க்கும் இடையில் அத்தீவின் இயற்கைக் காட்டில் 44 விழுக்காடு அழிந்தது. நெல்லுக்காக எரித்ததும் கரிக்காக வெட்டியதும் அதற்குக் காரணங்கள் ஆயின. பிற நாடுகளில் கண்ணாடி வீட்டில் அம்மலரை வளர்ப்போர், விதை வேண்டுமானால் குச்சியால் மகரந்தத்தைத் தாமே எடுத்து வைக்கின்றனர். அந்த வேலைக்கு அங்கே பூச்சி இல்லை.