பழைய கணினியும் பழைய மலர்களும்

முன்னோர் எழுதிச் சென்றவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகும். சுவடியைக் கரையான் அரித்தது. கணினிக் கோப்பையோ காலம் அரிக்கின்றது. கம்பம் பள்ளத்தாக்கின் கல்லூரி மலர்களும் ஜமாஅத் மலர்களும் ஒருகாலத்தில் பேஜ்மேக்கரில் பக்கமிடப்பட்டவை. அன்றைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை அமர்த்தியவை. ஆதலின், இன்றைய கணினியில் அக்கோப்புகள் பொருளற்ற ஆங்கிலமாகத் தோன்றும். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதே 2010இல்தான்.

அம்மலர்களை மீட்க, 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியை ஒரு பழைய கணினியில் நிறுவுதல் நல்வழி. முதற்கண், இணைய இணைப்பை நீக்கிவிட வேண்டும். பின்னர், வேறொரு கணினியில் இறக்கிய திருத்தங்களைக் குறுவட்டில் கொணர்ந்து வரிசை பிறழாது இடவேண்டும். 2004இன் இரண்டாம் சர்வீஸ் பேக்கை இட்டபின் 2008இன் மூன்றாவதை இடலாம். அடுத்து, மொழி அமைப்பில் கூட்டெழுத்து மொழிகளுக்குரிய கட்டத்தைக் குறியிட வேண்டும். அவ்வொரு குறியால் தமிழும் அரபியும் ஒருங்கே திறக்கும்!

எனினும், முற்றும் திருத்திய எக்ஸ்பியும் காவலுடையதன்று. 2014 ஏப்ரல் 8உடன் அதன் பொது ஆதரவு முடிந்தது. 2017இல் வான்னாக்ரை பரவியபோது மைக்ரோசாப்ட் தனித்திருத்தம் வழங்கியமை விதிவிலக்கேயாம். எனவே அக்கணினி பழைய பேழையின் திறவுகோல் மட்டுமே, குடியிருக்கும் வீடன்று. திறந்த மலர்களை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை களைந்து, புதிய கணினியில் சேமிப்பதே நம் கடன். இத்தலைமுறை மாணவர் முனைந்தால், இன்ஷா அல்லாஹ், அமானிதம் உரியவரைச் சேரும்.