அஞ்சல்வழிப் படிப்பா? பணம் கட்டும் முன் கம்ப்யூட்டரைத் திறங்கள்!

வீட்டுக்குப் புதிதாக கம்ப்யூட்டர் வந்தால் முதல் சில வாரங்கள் சினிமாப் பாட்டு, கேம்ஸ், வெளிநாட்டில் இருக்கும் உறவினருடன் வீடியோவில் பேச்சு என்று போய்விடும். அதற்குப் பிறகுதான் "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். நெய்வேலி டவுன்ஷிப் வீடுகளில் இதற்கு அடிக்கடி கேட்கும் பதில், "விட்டுப்போன படிப்பைத் தொடரலாமே" என்பதுதான். டிப்ளமோ முடித்துச் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ வேலை பார்ப்பவருக்கு ஒரு டிகிரி வேண்டும். பிளஸ் டூவோடு திருமணமாகி வந்த இல்லத்தரசிக்கு பி.ஏ.வோ பி.காமோ முடிக்க ஆசை. ஷிப்ட் முறையில் வேலை செய்யும் ஊரில் தினமும் கல்லூரிக்குப் போக முடியாது. எனவே தொலைநிலைக் கல்விதான் வழி.

நல்ல முடிவுதான். ஆனால் விண்ணப்பம் வாங்குவதற்கு முன், பணம் கட்டுவதற்கு முன், உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு மணி நேரம் செலவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சித்தப்பாவின் நான்கு வருடம்

என் சித்தப்பா டிப்ளமோ படித்துவிட்டு நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்தவர். 2008-ல் ஒரு "ஸ்டடி சென்டர்" மூலம் அஞ்சல்வழியில் பொறியியல் பட்டப் படிப்பில் சேர்ந்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் படித்து, 2012-ல் பட்டமும் வாங்கினார். வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் பற்றிய வழக்கு அது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்கள் தனியாக ஒரு தேர்வு எழுதித் தங்கள் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. சித்தப்பாவின் பட்டமும் அதில் போயிற்று. "பணம் போனால் போகட்டும்டா. தூங்காமல் படித்த அந்த நாலு வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்போது அவர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. சென்டரில் சொன்னதை நம்பினார். இன்று உங்கள் மேஜை மேல் கம்ப்யூட்டர் இருக்கிறது. நம்புவதற்கு முன் நீங்களே பார்த்துவிடலாம்.

முதல் வேலை: அங்கீகாரம் பார்ப்பது

தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கு அனுமதி வழங்குவது பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி. அதற்குள் இதற்கென்றே தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதன் சுருக்கப் பெயர் டி.இ.பி. பிரவுசரைத் திறந்து, மேலே இருக்கும் அட்ரஸ் பாரில் டி.இ.பி., புள்ளி, யு.ஜி.சி., புள்ளி, ஏ.சி., புள்ளி, ஐ.என். என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

இங்கே புதியவர்கள் ஒரு தவறு செய்வார்கள். அட்ரஸை டைப் செய்யாமல் படிப்பின் பெயரை கூகுளில் தேடுவார்கள். தேடல் முடிவுகளில் மேலே வருபவற்றில் சில, பணம் கொடுத்துப் போட்ட விளம்பரங்கள். "ஸ்பான்சர்டு" என்ற வார்த்தை அவற்றின் மேல் சிறிதாக இருக்கும். அதை கிளிக் செய்தால் ஏதாவது ஒரு ஏஜென்ட்டின் பக்கத்துக்குப் போய் நிற்பீர்கள். போன் நம்பரைக் கொடுத்துவிட்டால் அன்று மாலையே அழைப்புகள் தொடங்கிவிடும்.

யு.ஜி.சி. தளத்தில், அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் கல்வியாண்டு வாரியாக இருக்கும். அதைத் திறந்ததும் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப் எழுத்தைத் தட்டுங்கள். தேடும் கட்டம் ஒன்று வரும். அதில் பல்கலைக்கழகத்தின் பெயரை டைப் செய்யுங்கள். மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

ஒன்று, பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா? இரண்டு, நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயர் அதற்கு நேராக இருக்கிறதா? மூன்று, நீங்கள் சேரும் ஆண்டுக்கும் பருவத்துக்கும் அந்த அனுமதி பொருந்துகிறதா?

"பெரிய பல்கலைக்கழகம்தானே, இதையெல்லாம் பார்க்க வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். நெய்வேலிக்குப் பக்கத்தில் சிதம்பரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியது. கடலூர் மாவட்டத்தில் அதில் படித்தவர் இல்லாத தெருவைத் தேட வேண்டும். அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அனுமதி இருந்தது என்று யு.ஜி.சி. 2022 மார்ச்சில் பொது அறிவிப்பு வெளியிட்டது. பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி, அனுமதி ஆண்டையும் படிப்பையும் பொறுத்தது. பக்கத்து வீட்டு அக்கா 2005-ல் படித்தார் என்பது இன்று உங்களுக்குச் சான்று ஆகாது.

எதையெல்லாம் தொலைநிலையில் படிக்க முடியாது?

பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, கட்டடக்கலை, சட்டம், விவசாயம் ஆகியவற்றில் தொலைநிலைப் பட்டத்துக்கு யு.ஜி.சி. விதிகளில் இடமில்லை. 2025-ல் உளவியலும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. "வீட்டிலிருந்தே பி.இ." என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். டிப்ளமோ முடித்தவர்களுக்கு வேறு வழி உண்டு. வேலை பார்ப்பவர்களுக்கு வசதியான நேரத்தில் பி.இ. வகுப்பு நடத்த 2023-24 கல்வியாண்டு முதல் ஏ.ஐ.சி.டி.இ. கல்லூரிகளுக்கு அனுமதி தருகிறது. ஆனால் நேரில் போய்ப் படிக்க வேண்டும்.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநிலத்துக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தக் கூடாது. பிரான்சைஸ் கொடுக்கவும் கூடாது. எனவே வெளிமாநிலப் பெயர்ப் பலகையோடு கடைத்தெருவில் இருக்கும் சென்டர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அரசு வேலையை நினைத்துப் படிப்பவர்களுக்கு இன்னொன்று. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று தமிழக அரசு 2009-ல் ஆணை பிறப்பித்தது. இடையில் ஒரு படியைத் தாண்டி நேராகப் பட்டம் வாங்கினால் பிறகு சிக்கல் வரும். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் முதலில் அதை முடித்துவிடுவது நல்லது.

முறையாக அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். அது நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இரண்டாவது வேலை: இரண்டு எண்கள்

இப்போது தொலைநிலையில் சேர இரண்டு எண்கள் தேவை. முதலாவது ஏ.பி.சி. ஐ.டி. இதை டிஜிலாக்கர் கணக்கு மூலம் எடுக்கலாம். பன்னிரண்டு இலக்கம் கொண்டது. இதை வைத்து யு.ஜி.சி. தளத்தில் டி.இ.பி. ஐ.டி. எடுக்க வேண்டும். இரண்டையும் நீங்களே வீட்டில் உட்கார்ந்து செய்யலாம். ஆதாருடன் இணைத்த போன் கையில் இருக்க வேண்டும். ஓ.டி.பி. வரும். அந்த ஓ.டி.பி.யை எந்த ஏஜென்ட்டிடமும் சொல்லாதீர்கள். "ஐ.டி. எல்லாம் தேவையில்லை, பணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அதுவே ஆபத்துக்கு அறிகுறி.

எங்கே படிக்கலாம்?

1985-ல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, நாடு முழுவதற்கும் பொது. அதன் பாடப் புத்தகங்களை இ-ஞான்கோஷ் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு பாடத்தைப் படித்துப் பாருங்கள். நம்மால் முடியுமா என்பது தெரிந்துவிடும். தமிழிலேயே படிக்க விரும்புவோருக்கு 2002-ல் தமிழக அரசு தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

கணக்கில் ஆர்வம் உள்ளவர்கள் சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பைப் பார்க்கலாம். பாடம் ஆன்லைனில், தேர்வு மையத்தில் நேரில். நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வயது வரம்பு இல்லை.

ஷிப்ட்காரர்களுக்கு ஒரு கணக்கு

பட்டம் வேண்டாம், ஒரு பாடத்தை நன்றாகக் கற்றால் போதும் என்பவர்களுக்கு என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்துவது. பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. இது சான்றிதழ்தான், பட்டம் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

மதிப்பெண்ணில் 75 சதவீதம் தேர்வுக்கு, 25 சதவீதம் வாராந்திரப் பயிற்சிகளுக்கு. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டுப் பயிற்சிகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மூன்று ஷிப்ட்டும் மாறி மாறிப் பார்ப்பவருக்குப் பன்னிரண்டு வாரத்தில் நான்கு வாரம் நைட் ஷிப்ட் வரும். அந்த நான்கு வாரமும் பயிற்சி எழுதாமல் விட்டால்கூட மீதி எட்டு இருக்கிறது! ஆனால் மற்ற எட்டில் ஒன்றையும் தவறவிடாதீர்கள். விட்ட வாரங்களின் பாடத்தை அடுத்த ஓய்வு நாளில் பார்த்துவிட வேண்டும். தேர்வில் எல்லா வாரத்திலிருந்தும் கேள்வி வரும்.

மூன்றாவது வேலை: ஒரே போல்டர்

டாக்குமென்ட்ஸ் பகுதியில் "படிப்பு" என்று ஒரு போல்டர் திறங்கள். அதற்குள் "சேர்க்கை", "பாடங்கள்", "அசைன்மென்ட்" என்று மூன்று போல்டர்கள். பணம் கட்டிய ரசீது, ஹால் டிக்கெட் எல்லாம் "சேர்க்கை" போல்டரில் போக வேண்டும். அனுமதிப் பட்டியலில் உங்கள் படிப்பு இருக்கும் பக்கத்தையும் கன்ட்ரோல், பி அழுத்தி, பிரிண்டருக்குப் பதிலாக பி.டி.எஃப். என்பதைத் தேர்ந்தெடுத்து, தேதியோடு அங்கேயே சேமியுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது கேட்டால் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். மாதம் ஒரு முறை அந்த போல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி செய்து பீரோவில் வைத்துவிடுங்கள்.

சித்தப்பா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ படிப்பில் சேரப்போவதாகச் சொன்னதும், அவனை உட்காரவைத்து யு.ஜி.சி. பட்டியலைத் திறந்து காட்டினாராம். அந்தப் படிப்பு பட்டியலில் இல்லை. பையனின் பணமும் வருடங்களும் தப்பித்தன. உங்கள் கம்ப்யூட்டரும் முதலில் இந்த வேலையைச் செய்யட்டும்.