செய் (வினைச்சொல்லின் தோற்றம்)

செய் என்பது 'இயற்று', 'உண்டாக்கு' எனப் பொருள்படும் தமிழ் வினையடி ஆகும். இதன் மூலத் திராவிட வடிவம் *கெய்- என மீட்டுருவாக்கப்பட்டுள்ளது. எழுத்துச் சான்று இல்லாமல், இன மொழிகளை ஒப்பிட்டுப் பெறப்பட்ட வடிவம் என்பதை உடுக்குறி காட்டுகிறது.

இனச்சொற்கள்

மலையாளத்தில் 'செய்யுக', தெலுங்கில் 'சேயு' எனச் சகரம் முதலில் வருகிறது. கன்னடத்தில் 'கெய்', கோண்டியில் 'கீ-', கொண்டா மொழியில் 'கி-' எனக் ககரம் வருகிறது. தென்னிந்தியா முதல் நடு இந்தியா வரை பரவிய மொழிகளில் ககரம் காணப்படுவதால், அதுவே பழையது எனக் கொள்ளப்படுகிறது. எனவே கன்னடக் 'கெய்' தமிழ்ச் 'செய்'யின் திரிபன்று. இச்சொல்லில் மாற்றமடைந்தது தமிழே.

அண்ணச்சாயல்

இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன் ககரம் சகரமாவது அண்ணச்சாயல் எனப்படும். தமிழ் 'செவி', கன்னடக் 'கிவி' என்பதும் இவ்வாறானதே. ஆங்கிலத்தில் முகவாயைக் குறிக்கும் 'சின்', இடாய்ச்சு மொழியில் 'கின்' என வழங்குவது இதற்கு ஒப்பானது.

தமிழில் உயிரை அடுத்து ட, ள, ழ போன்ற நாமடி ஒலிகள் வந்தால் இம்மாற்றம் நிகழ்வதில்லை. கெடு, கேள், கிளி, கிழங்கு ஆகியவை ககரத்துடனே நிற்கின்றன. தெலுங்கில் இத்தடை இல்லை; அங்கு 'கெடு' என்பது 'செடு' ஆகும். ஆகவே இரு மொழிகளிலும் மாற்றம் தனித்தனியே நிகழ்ந்ததாகக் கருதப்படுகிறது. தாமசு பர்ரோ 1943இல் இம்மாற்றத்தை ஆராய்ந்தார். அவரும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகரமுதலி 1961இலும், அதன் இரண்டாம் பதிப்பு 1984இலும் வெளிவந்தன.

காலம்

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் 'செய்த' என்னும் வடிவம் இடம்பெறுகிறது. ஆகவே கல்வெட்டுக் காலத்துக்கு முன்பே தமிழில் இம்மாற்றம் முடிந்துவிட்டது.

இன்றைய வழக்கு

ஒலிமாற்றம் அத்துடன் நிற்கவில்லை. பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடி உள்ளிட்ட ஊர்களின் பேச்சில் 'செய்தான்' என்பது 'செஞ்சான்' எனத் திரிகிறது. இங்கு யகரத்தை அடுத்த தகரமும் அண்ண ஒலியாகியுள்ளது. நன்செய், புன்செய் என்பவற்றில் உள்ள 'செய்' வயலைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஆகும். அகரமுதலி அதைத் தனிப் பதிவாகத் தருகிறது. அதற்கும் கன்னட இணை 'கெய்' என்பதே.