பிஎச் பிறந்த பீர் ஆலை

கெமிஸ்ட்ரி லேப்ல பிஎச் பேப்பரை நனைச்சு, நிறத்தைப் பார்த்து, ரெக்கார்டில் "7" என்று எழுதியிருப்பீங்க. அந்த அளவுகோலை 1909-ல் கொடுத்தவர் சோரன்சன். அவர் வேலை பார்த்தது பல்கலைக்கழகத்தில் இல்லை, ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இருக்கும் கார்ல்ஸ்பெர்க் தான் அது. (குடியைப் பற்றிய கட்டுரை இல்லை, எச்ஓடி பயப்பட வேண்டாம்!)

ஆலையைத் தொடங்கியவர் ஜே.சி. யாகோப்சன். 1847-ல் நகருக்கு வெளியே ஒரு மேட்டில் கட்டினார். ஐந்து வயது மகன் பெயர் கார்ல், மேட்டுக்கு 'பெர்க்'. பெயர் ரெடி. ஆலைக்கு வேண்டிய ஈஸ்ட்டை அவர் ஜெர்மனியின் மியூனிக்கில் இருந்து குதிரை வண்டியில் கொண்டு வந்தாராம். வண்டி நின்ற இடத்திலெல்லாம் டப்பா மேல் தண்ணீர் ஊற்றி, சூடாகாமல் காப்பாற்றினார் என்று சொல்வார்கள்.

ஆனால் ஈஸ்ட் சொன்ன பேச்சு கேட்காது. நேற்று நன்றாகப் புளித்த மாவு இன்று சொதப்புவது போல, பீரும் திடீரென்று கெட்டுப்போகும். ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் 1875-ல் ஆய்வுக்கூடம் தொடங்கினார். 1883-ல் அங்கே எமில் ஹான்சன் காரணத்தைப் பிடித்தார்: நல்ல ஈஸ்ட்டோடு காட்டு ஈஸ்ட்டும் கலந்திருக்கிறது. ஈஸ்ட் கரைசலை மேலும் மேலும் நீர்க்கச் செய்து, ஒரே ஒரு செல்லைப் பிரித்து, அதிலிருந்தே முழு வளர்ப்பையும் உண்டாக்கினார். இதை ரகசியமாக வைத்திருந்தால் போட்டி ஆலைகள் எல்லாம் காலி. யாகோப்சன் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஈஸ்ட்டை மற்ற ஆலைகளுக்கும் கொடுத்துவிட்டார்!

உணவில் புரதம் அளக்கும் கெல்டால் முறையும் அதே ஆண்டு அதே கூடத்தில் வந்ததுதான். பிறகு சோரன்சன். என்சைம் வேலை செய்வது ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் 0.0000001 என்று எழுதிக்கொண்டிருக்க முடியுமா? லாகரிதம் எடுத்து, மைனஸ் குறியை மாற்றி, 7 என்று சுருக்கினார். அவ்வளவுதான் பிஎச்.

ஊருக்கே ஈஸ்ட் கொடுத்தவருக்கு, வீட்டில் மகனோடு ஒத்துப்போகவில்லை. சீக்கிரம் தயாரித்து நிறைய விற்கலாம் என்றார் கார்ல். நாள் கணக்கு குறையக் கூடாது என்றார் அப்பா. மகன் பக்கத்திலேயே 'புதிய கார்ல்ஸ்பெர்க்' தொடங்கினார். இரண்டு ஆலைக்கும் நடுவில் இருந்த தெருவுக்கு ஆளுக்கொரு பெயர்ப்பலகை வைத்துச் சண்டை போட்டார்கள் என்றால் பாருங்கள்! அப்பா தன் ஆலையை மகனுக்கு எழுதவில்லை, 1876-ல் தான் தொடங்கிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார். 1887-ல் அவர் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சமாதானம் ஆனார்கள்.

கார்லுக்குக் கலைப் பைத்தியம். கோபன்ஹேகன் கடற்கரையில் எல்லோரும் செல்ஃபி எடுக்கும் குட்டிக் கடல்கன்னி சிலை அவர் கொடுத்ததுதான். ஆலைக்குள் 1901-ல் அவர் கட்டியது யானை வாசல். நான்கு கருங்கல் யானைகள் ஒரு கோபுரத்தையே முதுகில் சுமக்கும். அவற்றின் உடம்பில் ஸ்வஸ்திகா இருக்கும், பதற வேண்டாம். நாஜிகளுக்கு முன்பே அது கம்பெனியின் டிரேட்மார்க். பின்னால் கம்பெனி அதைக் கைவிட்டது, கல்லில் செதுக்கியது மட்டும் நின்றுவிட்டது. கூடவே கார்லுடைய பிள்ளைகளின் இனிஷியல்களும் இருக்கின்றன.

அந்தப் பிள்ளைகளுக்கும் ஆலை போகவில்லை. 1902-ல் கார்லும் தன் ஆலையை அப்பாவின் அதே அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். நான்கு ஆண்டுகளில் இரண்டு ஆலையும் ஒன்றானது. 2008-ல் பெரிய அளவு உற்பத்தி வேறு ஊருக்குப் போய்விட்டது. இப்போது அங்கே வீடுகள், கடைகள். யானைகள் அதே இடத்தில்தான்.