ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரே டம்ளரில் கலக்கலாமா? ஆறாம் வகுப்புக் கணக்கு சொல்லும் பதில்

வயிற்றுப்போக்கு என்றால் வீட்டில் முதலில் தேடுவது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத்தான். ‘குழந்தை ஒரு லிட்டர் எங்கே குடிக்கப் போகுது?’ என்று முழு பாக்கெட்டையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குபவர்கள் உண்டு. மருந்து அதேதானே, தண்ணீர் மட்டும்தானே குறைவு, என்ன ஆகிவிடும்? நிறையவே ஆகும்.

ஏன் விகிதம் முக்கியம்?

குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உடலுக்குள் சேரும். உலக சுகாதார அமைப்பு 2002-ல் அறிவித்த கலவையில், ஒரு லிட்டருக்குச் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோல், அதாவது 1:1.

ஒரு லிட்டர் பாக்கெட்டை 200 மில்லியில் கலந்தால், கரைசல் 5 மடங்கு அடர்த்தியாகிவிடும். அது உடலில் இருக்கும் தண்ணீரையே குடலுக்கு இழுக்கும். வயிற்றுப்போக்கு கூடும், ரத்தத்தில் சோடியமும் ஏறும். தண்ணீர் அதிகமானாலோ தேவையான உப்பு கிடைக்காது.

பாதியாக்குவது எப்படி?

பாக்கெட் கிடைக்காதபோது வீட்டிலேயே கலக்கும் அளவு இது: காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

அரை லிட்டர் போதும் என்றால்? ‘தண்ணீரில் அரை குறைச்சாச்சு, மற்றதிலும் அரை அரை ஸ்பூன் குறைச்சிடலாம்’ என்று தோன்றும். கழித்துப் பாருங்கள்: சர்க்கரை 5½, உப்பு பூஜ்யம். கையில் இருப்பது வெறும் சர்க்கரைத் தண்ணீர்!

அளவை மாற்றும்போது கூட்டவோ கழிக்கவோ கூடாது. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கணும், அல்லது வகுக்கணும்.

• 1 லிட்டர்: சர்க்கரை 6, உப்பு ½
• ½ லிட்டர்: சர்க்கரை 3, உப்பு ¼
• 2 லிட்டர்: சர்க்கரை 12, உப்பு 1

மூன்றிலும் சர்க்கரைக்கும் உப்புக்கும் 12:1 தான். எண்கள் மாறியும் உறவு மாறாத இவற்றைத்தான் பாடப்புத்தகம் ‘சமான விகிதங்கள்’ என்கிறது.

சரிபார்க்கக் குறுக்கே பெருக்குங்கள். 1000 மில்லிக்கு 6, 500 மில்லிக்கு 3 என்றால், 1000×3 = 3000, 500×6 = 3000. சமம், எனவே சரி. 3-க்குப் பதில் 5½ போட்டால் 5500 வரும். தப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

1971-ல் வங்கதேசப் போர் அகதிகளிடையே காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் குழுவினர் இந்தக் கரைசலை டிரம்களில் கலந்து கொடுத்தார்கள். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. 10 லிட்டர் என்றால் 220, 35, 25. ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது இந்தக் கலவைதான்.

ஒரு டம்ளருக்கு?

200 மில்லிக்குக் கணக்குப்படி சர்க்கரை 1.2 டீஸ்பூன், உப்பு 0.1 டீஸ்பூன். கணக்கு சரி, ஆனால் 0.1 ஸ்பூனை யார் அளப்பது? அதனால் ஒரு லிட்டராகவே கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரம் கடந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பாக்கெட்டையும் கண்ணளவில் பிரிக்காதீர்கள். 200 மில்லிக்கென்றே சிறிய பாக்கெட் கிடைக்கிறது. கிழிக்கும் முன் எத்தனை மில்லிக்கு என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.