காலுக்கு லீவு, இதயத்துக்கு இல்லை

ஓட்டக்காரக் கண்மணியே, வா, உட்கார். வலிக்கிற காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொள்.

"டாக்டர் ஆறு வாரம் ஓடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. அதுக்குள்ள என் ஸ்டாமினா எல்லாம் போயிடுமே?" இதுதானே உன் கவலை? வலியிலும் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று யோசிக்கிறாய் பார், அதற்கே உன் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும்.

உன் பயம் பொய்யில்லை. ஓட்டத்தை நிறுத்திய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கும். அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். அது குறைந்தால், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தமும் குறையும். அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டிவரும். அதனால்தான் சீக்கிரமே மூச்சு வாங்குகிறது.

அப்படியானால் என்ன செய்வது? தோட்டத்தில் பம்புசெட் பார்த்திருப்பாய். தண்ணீர் வாழைக்குப் போகிறதா, தென்னைக்குப் போகிறதா என்று மோட்டாருக்குத் தெரியாது. இறைப்பதுதான் அதன் வேலை. இதயமும் அப்படித்தான். தசை ஆக்சிஜன் கேட்டால் வேகமாகத் துடிக்கும். கேட்டது காலா, கையா என்று பார்க்காது.

நம்ப முடியவில்லையா? இப்போதே சோதிக்கலாம். மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி நாடியை எண்ணு. நான்கால் பெருக்கு. ஒரு நிமிடத் துடிப்பு கிடைத்துவிடும். இப்போது உட்கார்ந்தபடியே இரண்டு நிமிடம் காற்றில் குத்துவிடு. வேகமாக! மறுபடி எண்ணு. ஏறிவிட்டதல்லவா? கால் அசையவே இல்லை, கவனித்தாயா?

இதை நம்பி ஒரு பெரிய பந்தயத்தையே வென்றவர் ஜோன் பெனாய்ட். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்காரர். 1984 மார்ச்சில் நீண்ட பயிற்சி ஓட்டத்தின்போது அவருடைய வலது முழங்கால் மக்கர் செய்தது. ஏப்ரல் 25-ல் ஆபரேஷன். ஒலிம்பிக் தேர்வுப் போட்டியோ மே 12-ல். நடுவே 17 நாள்தான்!

ஜோன் சும்மா படுத்திருக்கவில்லை. கால் ஓய்வில் இருந்தபோது, சைக்கிள் பெடலைக் கைகளால் சுற்றினார். இதயத்துக்கு வேலை கிடைத்தது. தேர்வில் வென்றார். ஆகஸ்ட் 5-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஒலிம்பிக் வரலாற்றின் முதல் பெண்கள் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். எனக்கு மிகவும் பிடித்த ஓட்டக்காரர் அவர்.

சரி, உனக்கு எது பொருந்தும்? என்னைக் கேட்டால், தண்ணீர்தான் முதலிடம்.

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உன் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நீ 40 கிலோ என்றால், அடிக்கு 80 முதல் 120 கிலோ! இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உன் எடையில் பாதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். கழுத்தளவு வந்தால் காலுக்கு மிஞ்சுவது நான்கு கிலோ அளவுதான். ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு விசை நினைவிருக்கிறதா? அதுதான் இங்கே வேலை செய்கிறது.

இடுப்பில் மிதவை பெல்ட் கட்டி, தரையில் கால் படாமல், நீச்சல்குளத்தில் ஓடுவது போலவே கைகால்களை வீசலாம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அது உன்னைத் தடுக்கும். தடுப்பதால் மூச்சு வாங்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே?

தண்ணீருக்குள் நாடி கொஞ்சம் குறைவாகவே காட்டும். தண்ணீரின் அழுத்தம் காலிலிருக்கும் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுவதே காரணம். அதனால் மூச்சை வைத்துப் பார். பேச முடிகிறது, பாட்டுப் பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

தையலோ மாவுக்கட்டோ இருந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமலும் இறங்காதே. அசையாத சைக்கிள் மிதிக்கலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். கணுக்காலுக்கு ஒத்துப்போவது முழங்காலுக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். காது கொடுத்துக் கேள்.

எலும்புக்குள் இரண்டு வகை உயிரணுக்கள் உண்டு. ஒன்று பழைய எலும்பைக் கரைக்கும், மற்றொன்று புதிதாகக் கட்டும். இந்த வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதோடு, எலும்பு உறுதியாக அதன்மேல் எடை இறங்க வேண்டும். குளத்தில் எடை இறங்குவதில்லையே! ஆக, உன் இதயம் தயாராகிவிடும், கால் பின்தங்கியிருக்கும். "நான் ரெடி" என்று மூச்சு சொல்வதைக் கேட்டுக் குதித்துவிடாதே. ஜோனுக்கும் இப்படி நடந்தது. ஆபரேஷன் ஆன காலைக் காப்பாற்றியபடி ஓடியதில், மறு காலின் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது.

எனவே டாக்டர் சரி சொன்ன பிறகும் முதல் நாள் ஒரு நிமிடம் மெதுவாக ஓடு, இரண்டு நிமிடம் நட. சிமெண்ட் தரை வேண்டாம், மண் மைதானம் போதும். மறுநாள் காலையில் அடிபட்ட இடத்தை விரலால் அழுத்திப் பார். வலிக்கவில்லையா? மறுபடி அதே அளவு ஓடு. வலித்ததா? அம்மாவிடம் சொல்லிவிட்டு மிதவை பெல்ட்டை எடு.