லூப்பேக் முடங்கினால் மென்பொருள் ஏன் தடுமாறுகிறது?

ஒரே கணிப்பொறியில் இயங்கும் இரண்டு நிரல்கள் பிணைய நெறிமுறையின் வழியாகவே பேசிக்கொள்ள உதவும் இடைமுகம் லூப்பேக் எனப்படுகிறது. இதற்குக் கம்பியும் இல்லை, அட்டையும் இல்லை, அனுப்பிய பொட்டலம் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே திரும்பி வந்துவிடும். ஐபி நான்காம் பதிப்பில் 127 என்று தொடங்கும் 1,67,77,216 முகவரிகள் இதற்கென ஒதுக்கப்பட்டிருக்க, ஆறாம் பதிப்பில் ::1 என்ற ஒன்றே உண்டு.

லினக்ஸில் புதிதாக உருவாகும் பிணையப் பெயர்வெளி, அதாவது சில நிரல்களுக்கென்று தனியே பிரித்துத் தரப்படும் பிணையச் சூழல், லூப்பேக் முடங்கிய நிலையிலேயே பிறக்கிறது. டாக்கர் அதைத் தானே இயக்கிவிடுவதால் பலருக்கு இது தெரிவதில்லை. பெயர்வெளியைக் கையால் அமைப்பவர்களே சிக்கிக்கொள்கிறார்கள்.

இங்கே பிழைச்செய்தியை எழுத்தெண்ணிப் படிப்பதே பாதி வேலை. 127.0.0.1-ஐ அழைக்கும்போது 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று வந்தால், பெரும்பாலும் வழி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பவர்தான் இல்லை என்று பொருள். 'நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்' என்று வந்தால் வழியே இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் ஃபயர்வால் விதிகளையும் கடவுச்சொற்களையும் புரட்டுவது வீண். அதைவிட ஏமாற்றுவது, ஈதர்நெட்டுக்கு உரிய சொந்த முகவரியை அந்தக் கணிப்பொறியிலிருந்தே பிங் செய்தாலும் பதில் வராமல் போவதுதான். தனக்கே உரிய எந்த முகவரிக்குச் செல்லும் பொட்டலத்தையும் லினக்ஸ் லூப்பேக் வழியாகவே அனுப்புகிறது.

சில மென்பொருள்கள் நின்றுபோகாமல் ஊமையாகப் பழுதடைவது இன்னும் கொடிது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 14-ஆம் பதிப்பு வரை தன் புள்ளிவிவரங்களை லூப்பேக் வழியாகத் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டது. அது கிடைக்காதபோது பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, பயனற்ற வரிசைகளைத் துடைக்கும் ஆட்டோவேக்யூமையும் நிறுத்திவிட்டுத் தொடர்ந்து இயங்கியதால், அட்டவணைகள் ஊதிப் பெருத்த பிறகே குறை வெளிப்படும். 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பு இந்தச் சார்பை நீக்கியது.

'ஐபி லிங்க் செட் எல்ஓ அப்' என்ற ஒரே கட்டளையில் லூப்பேக் எழுந்துவிடும். அதன்பின் நிலை 'அன்நோன்' என்று தெரிந்தால் அது பழுதன்று, இயல்பே. அதற்கான உரிமை இல்லாத சூழலில், பிணையத்தைத் தொடாமல் கோப்பு வழியாகப் பேசும் யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு மாறலாம். மைஎஸ்கியூஎல்லின் யூனிக்ஸ் கிளையன்ட் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரைக் கண்டால் இந்தச் சாக்கெட்டையே நாடுகிறது, 127.0.0.1 என்று எழுதினால்தான் லூப்பேக்கைத் தேடும்.